ஐடி வேலையில் முதல் ஆறு மாதம்: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது

பயிற்சி முடிந்து முதன்முதலாக ஒரு ப்ராஜெக்ட்டில் உட்காரும்போது பெரும்பாலோருக்கு ஒரே கவலைதான்: கொடுக்கிற வேலையை முடிக்கிற அளவுக்கு நமக்கு ஜாவா தெரியுமா, ரியாக்ட் தெரியுமா? அது சில மாதங்களில் வேலையோடு வேலையாகப் பழகிவிடும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. இரண்டு நாளாக ஒரு எரரில் சிக்கியிருந்தும் யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பது. புரியாத டிக்கெட்டுக்கு (செய்ய வேண்டிய வேலையின் குறிப்பு) தலையாட்டிவிட்டு வேறெதையோ செய்து முடிப்பது. வெள்ளிக்கிழமை தர வேண்டியது வராது என்பதை வெள்ளிக்கிழமை மாலை சொல்வது. இந்த மூன்றிலும் கோடு (நிரல்) ஒரு பிரச்சினையே இல்லை.

இதற்கு மருந்தாக ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்ற பெயரில் டை கட்டுவது, கை குலுக்குவது, நுனிநாக்கு ஆங்கிலம் என்று வகுப்பெடுத்து அனுப்புகிறார்கள். மென்பொருள் குழுவில் அதற்கெல்லாம் பெரிய வேலை இல்லை. உங்கள் வேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது, மற்றவர் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதிகம் பேசாதவர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர் இருக்கும் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 6 இணைப்புகள். பத்துப் பேர் ஆனால் 45. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட ப்ராஜெக்ட்டில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இன்னொரு காரணம், புதிதாக வருபவர் பழையவர்களின் நேரத்தை எடுத்துத்தான் வேலை கற்க முடியும் என்பது. அந்தப் புதியவர் இப்போது நீங்கள். நேரத்தை எடுப்பதில் தவறே இல்லை. எடுத்ததை வீணாக்காமல் இருப்பதற்குத்தான் கீழே உள்ள வழிகள்.

முதல் வாரம்: யார் யார், எது எது

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு முன்னுரிமை தருவது யார்? உங்கள் கோடை ரிவ்யூ செய்யப்போவது யார்? ப்ரொடக்‌ஷன் சர்வரில் (பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்துவது) கை வைக்க அனுமதி யாருக்கு இருக்கிறது? ஆக்சஸ் வாங்க எங்கே ரிக்வெஸ்ட் போட வேண்டும்? பழைய மாட்யூலை எழுதியவர் இன்னும் கம்பெனியில் இருக்கிறாரா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பத்து வருட பழைய கோடில் ஒரு விசித்திரமான ‘இஃப்’ கண்டிஷன் இருக்கிறது என்றால், அதன் காரணம் பெரும்பாலும் எந்த டாக்குமெண்ட்டிலும் இருக்காது. ஒருவர் தலையில்தான் இருக்கும்.

லீடுடன் (குழுத் தலைவர்) தனியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கும் முதல் நாளிலேயே ஐந்து விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: எதை சாட்டில் கேட்கலாம், எதை மெயிலில் போட வேண்டும், எந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது, எவ்வளவு நேரம் சிக்கியிருந்தால் வந்து கேட்கலாம், இந்த டீமில் ஒரு வேலை ‘முடிந்தது’ என்றால் என்ன அர்த்தம். சில டீமில் கோடு மெர்ஜ் ஆனால் முடிந்தது. சில டீமில் க்யூஏ (சோதிப்பவர்கள்) பார்த்துச் சரி என்று சொன்னால்தான் முடிந்தது. இது தெரியாமல் ‘முடிச்சிட்டேன்’ என்று சொல்லி, மூன்று நாள் கழித்து ‘முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே?’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

கூப்பிடும் முறை பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் ‘சார்’, ‘மேடம்’ என்று பழகிய நாக்கு லேசில் திரும்பாது. பெரும்பாலான ஐடி அலுவலகங்களில் மேனேஜரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் பேசும்போது பெயரோடு ‘ங்க’ போட்டுப் பேசினால் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. ‘அண்ணா’, ‘அக்கா’, ‘ப்ரோ’ எல்லாம் அந்தந்த டீமின் பழக்கம். இரண்டு வாரம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் முதல் ஆறு மாதத்தில் நீங்கள் மற்றவர்களோடு பேசுவதில் பாதி கேள்விகளாகத்தான் இருக்கும்.

முதலில் நேரம். ஒரு சிக்கலில் மாட்டினால் 30 நிமிடம் தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு வரியில் குறித்துக்கொண்டே வாருங்கள்: எதை மாற்றினேன், என்ன நடந்தது. 30 நிமிடத்தில் ஒரு புதுத் தடயமாவது கிடைத்திருந்தால் இன்னொரு 30 நிமிடம் தொடரலாம். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் யோசிக்காதவர் என்று பெயர் வரும். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் ‘இத்தனை நாள் ஏன் சொல்லல?’ என்பார்கள். இரண்டில் பின்னதுதான் குழுவுக்கு அதிக நஷ்டம்.

அடுத்தது செய்தியின் வடிவம். சாட்டில் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். எதிராளி வேலையை நிறுத்திவிட்டு ‘சொல்லுங்க’ என்பார். நீங்கள் டைப் செய்து முடிக்கும்வரை அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் போகட்டும்.

மோசமான கேள்வி இப்படி இருக்கும்: ‘பேமெண்ட் சர்வீஸ் ஒர்க் ஆகல, கொஞ்சம் பாக்கறீங்களா?’ இதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கே ஓடவில்லை, எப்போதிலிருந்து, என்ன எரர் என்று அவர்தான் துருவித் துருவிக் கேட்க வேண்டும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பேமெண்ட் சர்வீஸை என் லேப்டாப்பில் ஓட்டினால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் டைம்அவுட் ஆகிறது. நேற்று வரை ஓடியது. இன்று காலை மெயின் பிராஞ்சை புல் செய்த பிறகுதான் இப்படி. விபிஎன் ஆனில் இருக்கிறது. பழைய செட்டிங்கோடு டிபீவரில் அதே டேட்டாபேஸுக்கு கனெக்ட் ஆகிறது. புதுக் கான்ஃபிக் ஃபைலில் போர்ட் 5432 என்பது 6432 ஆக மாறியிருக்கிறது; அதுதான் காரணமா என்று தெரியவில்லை. லாக்கின் கடைசி 20 வரி கீழே. மதியத்துக்குள் பார்த்தால் போதும்.’

இதைப் படித்த சீனியர் பத்து விநாடியில் பதில் சொல்லிவிடுவார்: ‘ஆமா, பிஜி பவுன்சர் வழியா போக மாத்தியிருக்கோம், அந்தப் போர்ட்டுக்கு உங்க விபிஎன் குரூப்ல அனுமதி வாங்கணும்.’ (டிபீவர் என்பது டேட்டாபேஸைப் பார்க்கும் கருவி; பிஜி பவுன்சர், டேட்டாபேஸ் இணைப்புகளை நடுவில் நின்று கையாளும் மென்பொருள்.) கவனித்தால் அந்தச் செய்தியில் எல்லாம் இருக்கிறது: என்ன செய்தேன், என்ன நடந்தது, எப்போதிலிருந்து, எதையெல்லாம் சரிபார்த்தேன், என் ஊகம் என்ன, எவ்வளவு அவசரம். இப்படி எழுதும்போது பாதிக் கேள்விகளுக்கு அனுப்பும் முன்பே விடை தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

எரரை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். தேடிப் பார்க்க முடியும். ஒட்டும் முன் பாஸ்வேர்ட், டோக்கன், வாடிக்கையாளரின் போன் நம்பர் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். கிளையண்ட்டின் கோடை வெளியில் உள்ள ஏஐ சாட்பாட்டில் ஒட்டுவதற்கும் இதே எச்சரிக்கைதான்: கம்பெனி எந்தக் கருவிக்கு அனுமதி தந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொரு பொறி: உண்மையான தேவையைச் சொல்லாமல், நீங்களே கண்டுபிடித்த அரைகுறைத் தீர்வைப் பற்றிக் கேட்பது. ‘ஒரு ஸ்ட்ரிங்கில் கடைசி ஆறு எழுத்தை எப்படி வெட்டுவது?’ என்று ஒருவர் கேட்கிறார். பதிலும் கிடைத்துவிடுகிறது. அவர் வெட்டியது தேதியின் கடைசியில் இருந்த ‘+05:30’ என்ற ஆறு எழுத்து! அவருக்கு வேண்டியிருந்தது நேரத்தைப் பயனரின் ஊர் நேரத்தில் காட்டுவது. வெட்டிய பிறகு திரையில் பார்க்க அழகாக இருக்கும். துபாயில் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் தப்பாகக் காட்டும். ‘எனக்கு இறுதியில் வேண்டியது இது, அதற்காக இப்படி முயன்றேன்’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தடுத்திருப்பார்.

முடிந்தவரை தனிச் செய்தியில் கேட்காமல் டீம் சேனலில் கேளுங்கள். தெரிந்தவர் யாராவது பதில் சொல்வார், அடுத்த மாதம் சேரும் ஃப்ரெஷருக்கும் அது தேடினால் கிடைக்கும். பதில் கிடைத்து வேலை நடந்ததும் அதே த்ரெட்டில் ‘இதைச் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று ஒரு வரி போடுங்கள். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும் நிலை வந்தால் நீங்கள் குறிப்பு எடுக்கவில்லை என்று அர்த்தம்.

டிக்கெட்டைக் கையில் எடுக்கும்போது

‘ஆர்டர் ரிப்போர்ட்டில் தேதி ஃபில்டர் சேர்க்கவும்.’ டிக்கெட்டுகளைப் பதியும் ஜிராவில் இப்படி ஒரு வரிதான் இருக்கும். எளிதாகத் தெரிகிறது, உடனே கோடு எழுத உட்கார்ந்துவிடுவோம். உட்காரும் முன் பத்து நிமிடம் இதைத் தோண்டுங்கள்.

ஆர்டர் போட்ட தேதியா, டெலிவரி ஆன தேதியா? முடிவுத் தேதி 31 என்று கொடுத்தால் 31-ஆம் தேதி முழுவதும் சேருமா, 30-ஆம் தேதி நள்ளிரவோடு நிற்குமா? எந்த ஊர் நேரம்? சென்னையில் இரவு 1 மணிக்குப் போட்ட ஆர்டர், யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தைய நாள் இரவு 7:30. ஆக அது எந்த நாளின் ரிப்போர்ட்டில் வர வேண்டும்? மூன்று வருடத்துக்குத் தேர்ந்தெடுத்தால் அனுமதிப்பதா? ஒரு ஆர்டர்கூட இல்லையென்றால் திரையில் என்ன வர வேண்டும்?

இவற்றில் உங்களால் முடிவு செய்ய முடிந்ததை முடிவு செய்து, டிக்கெட்டிலேயே கமெண்ட்டாக எழுதுங்கள்: ‘நான் புரிந்துகொண்டது: ஆர்டர் போட்ட தேதி, இந்திய நேரம், முடிவுத் தேதி முழுவதும் சேரும், அதிகபட்சம் ஒரு வருடம். ஆர்டர் இல்லாதபோது என்ன காட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதில் மாற்றம் இருந்தால் நாளைக் காலைக்குள் தெரிவித்தால் நல்லது. இல்லையென்றால் இப்படியே தொடங்குகிறேன்.’ பிசினஸ் அனலிஸ்ட்டுக்கு ஐந்து கேள்வியை அனுப்பினால் பதில் வர இரண்டு நாள் ஆகும். ‘சரி’ என்று மட்டும் சொல்லும்படி அனுப்பினால் அன்றே வந்துவிடும். வாயால் பேசி முடிவெடுத்ததையும் இதே போல டிக்கெட்டில் பதிந்துவிடுங்கள். யாரையும் மாட்டிவிடுவதற்கு இல்லை. மூன்று வாரத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

‘எத்தனை நாள் ஆகும்?’

புதியவர்கள் சொல்லும் கணக்கு ஏன் எப்போதும் தப்பாகிறது? கோடு எழுதும் நேரத்தை மட்டும் சொல்வதால். மேலே சொன்ன ஃபில்டர் வேலையையே பிரித்துப் பார்ப்போம்: கோடு ஒன்றரை நாள், யூனிட் டெஸ்ட் அரை நாள், ரிவ்யூவுக்குக் காத்திருப்பு ஒரு நாள், ரிவ்யூவில் சொன்னதைத் திருத்த அரை நாள், க்யூஏ ஒரு நாள். மொத்தம் நான்கரை நாள். ‘ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் சொன்னார். மேனேஜர் அதையே கிளையண்ட்டிடம் சொல்லிவிட்டார்.

தெரியாத வேலைக்கு உடனே நாள் சொல்லாதீர்கள். ‘இந்த மாட்யூலை நான் பார்த்ததில்லை, அரை நாள் பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்’ என்பது முழுமையான, மரியாதையான பதில். சொல்லும்போது வரம்பாகச் சொல்லுங்கள்: ‘நான்கிலிருந்து ஆறு நாள், மூன்றாம் தரப்பு ஏபிஐ சரியாக வேலை செய்தால் நான்கு.’

தேதி கொடுத்த பிறகு பாதி நாள் முடிந்ததும் நீங்களே ஒரு முறை நின்று பாருங்கள். ஆறு நாள் வேலையில் மூன்றாம் நாள் மாலை பாதிகூட ஆகவில்லை என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் சொன்னால் லீடு கையில் வழிகள் இருக்கும்: இன்னொருவரைச் சேர்க்கலாம், ஒரு பகுதியை அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு (அடுத்த வேலைச் சுற்று) தள்ளலாம், கிளையண்ட்டிடம் முன்கூட்டியே பேசலாம். ஆறாம் நாள் சொன்னால் மன்னிப்புக் கேட்பது தவிர வழியில்லை. அந்தச் செய்தியை இப்படி எழுதலாம்:

‘ரிப்போர்ட் ஃபில்டர் வியாழன் தருவதாகச் சொன்னது திங்கள் ஆகும். பழைய டேட்டாவில் டைம்ஸோன் இல்லாமல் சேமித்திருப்பதால் அதைத் தனியாகக் கையாள வேண்டியிருக்கிறது. வியாழன் கட்டாயம் வேண்டுமென்றால் 2023-க்குப் பிந்தைய ஆர்டர்களுக்கு மட்டும் தர முடியும். எது வேண்டும் என்று சொல்லுங்கள்.’

காரணம் ஒரு வரி போதும். உடம்பு சரியில்லை, கரண்ட் போச்சு, பஸ் லேட் என்று கதை நீண்டால் புதுத் தேதி காணாமல் போய்விடும். ‘ஆல்மோஸ்ட் முடிஞ்சுது’, ‘90 சதவீதம் ஆயிடுச்சு’ இரண்டையும் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டப்

தினமும் நடக்கும் சின்னக் குழுக் கூட்டம் இது. 15 நிமிடம், எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நேற்று, இன்று, தடை என்ற வரிசையில் சொல்லச் சொல்வார்கள். தடை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், கடைசியில் சொன்னால் யார் காதிலும் விழாது. ‘ஒர்க் பண்ணிட்டிருக்கேன்’ என்பது தகவல் அல்ல. விவாதம் நீண்டால் ‘முடிந்ததும் நாம் இருவர் மட்டும் பேசலாம்’ என்று நகர்ந்துவிடுங்கள்.

கோடு ரிவ்யூ: கொடுப்பதும் வாங்குவதும்

புதியவர்களுக்கு அதிகம் வலிப்பது இங்கேதான். ஆசை ஆசையாக எழுதிய கோடில் 23 கமெண்ட் வந்தால் முகம் சுண்டிப்போவது இயற்கை. ப்ரோக்ராமர்களின் உளவியலைப் பற்றி நூல் எழுதிய ஜெரால்டு வெய்ன்பெர்க் 1971-லேயே இதைப் பற்றி எழுதினார்: ப்ரோக்ராமர் தன் கோடைத் தன்னுடைய நீட்சியாக நினைக்காமல் இருந்தால், மற்றவர்கள் காட்டும் பிழையைத் தேடி வாங்கிக்கொள்வார் என்பது அவர் வாதம். சொல்வது எளிது. நடைமுறையில் உதவுவது, ரிவ்யூவுக்கு முன்பே வேலையைச் சரியாகத் தயார் செய்வதுதான்.

புல் ரிக்வெஸ்ட்டை (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) 200 முதல் 400 வரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ரிவ்யூ செய்பவர் முதல் நூறு வரியில் பத்துக் குறை சொல்வார், மீதி ஆயிரம் வரிக்கு ‘லுக்ஸ் குட்’ போட்டுவிடுவார். பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங் போன்றவற்றைத் தனி ரிக்வெஸ்ட்டாகப் பிரித்துவிடுங்கள். லாஜிக் மாற்றத்தோடு கலந்தால் முக்கியமான மூன்று வரி முந்நூறு வரி இரைச்சலில் மறைந்துவிடும். விவரத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த டிக்கெட், என்ன மாற்றம், ஏன் இந்த வழி, எப்படிச் சோதித்தீர்கள். திரையில் மாற்றம் என்றால் முன்பும் பின்பும் ஒரு படம். அனுப்பும் முன் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியல்) நீங்களே ஒரு முறை வேற்றாளாகப் படியுங்கள். மறந்துபோன கன்சோல் லாக்கும் கமெண்ட் செய்து விட்ட பழைய கோடும் அங்கேயே தெரிந்துவிடும்.

கமெண்ட் வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்: ‘மாற்றிவிட்டேன்’, ‘இதற்குத் தனி டிக்கெட் போட்டிருக்கிறேன்’, அல்லது ‘இப்படி வைத்ததற்குக் காரணம் இது’. பேசாமல் ‘ரிசால்வ்’ அழுத்துவது எரிச்சலூட்டும். புரியாத கமெண்ட்டை அரைகுறையாகச் செயல்படுத்தாமல் கேட்டுவிடுங்கள். ஒரே விஷயத்தில் மூன்று முறை போய் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் போன் கால் போட்டுப் பேசுங்கள், முடிவை த்ரெட்டில் எழுதுங்கள். ஏஐ எழுதித் தந்த கோடாக இருந்தாலும் ‘ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ‘அது அப்படித்தான் கொடுத்தது’ என்பது பதில் ஆகாது.

நீங்கள் மற்றவர் கோடைப் பார்க்கும்போது ஆளை விட்டுக் கோடைப் பேசுங்கள். ‘ஏன் இப்படி எழுதினீங்க?’ என்பது விசாரணை மாதிரி இருக்கும். அதே விஷயம் வேறு விதமாக:

‘லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு குவெரி போகிறது. 500 ஆர்டர் இருந்தால் மொத்தம் 501 குவெரி. லூப்புக்கு வெளியே ஒரே குவெரியில் எடுத்துவிடலாமா?’

இதில் கவனித்தது, விளைவு, மாற்றுவழி மூன்றும் இருக்கின்றன, திட்டு இல்லை. கட்டாயம் மாற்ற வேண்டியதையும் ரசனை சார்ந்ததையும் பிரித்துக் காட்டுங்கள். சின்ன விஷயங்களுக்கு முன்னால் ‘நிட்’ என்று போடுவது பல டீம்களில் வழக்கம். சீனியரின் கோடைப் பார்க்கத் தயங்க வேண்டாம்: ‘இந்த வரி எனக்குப் புரியவில்லை’ என்பதும் ரிவ்யூதான். உங்களுக்குப் புரியாதது ஆறு மாதத்தில் வரப்போகிறவருக்கும் புரியாது.

‘திறமைசாலிகள் அப்படித்தான் பேசுவார்கள், தாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று சிலர் சொல்வதைக் கேட்பீர்கள். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையான சொற்களுக்குப் பேர்போனவர். அவரே 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் வேலையிலிருந்து ஒதுங்கினார். அப்போதே கெர்னல் திட்டம் ஒரு நடத்தை விதியையும் ஏற்றது. ஆக அந்த வாதத்துக்கு அதன் பெரிய உதாரணமே துணைக்கு வராது.

டெஸ்டரோடு

‘என் மெஷின்ல ஓடுதே’ என்ற வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். பக் (பிழை) வந்தால் முதலில் அதே பிரவுசர், அதே லாகின், அதே டேட்டாவோடு நீங்களும் வரவழைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் டெஸ்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து (வீட்டிலிருந்து வேலை என்றால் ஸ்கிரீன் ஷேரில்) அவர் எதை அழுத்துகிறார் என்று பாருங்கள். கோடை க்யூஏவுக்குக் கொடுக்கும்போதே ‘இந்த இடத்தில் உடைய வாய்ப்பு அதிகம்’ என்று சொல்லிக் கொடுத்தால் அவர் உங்களுக்கு நண்பராகிவிடுவார்.

கடல் தாண்டிய போன் கால்கள்

அமெரிக்கா, பிரிட்டன் கிளையண்ட் என்றால் முதலில் நேரம். நியூயார்க் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். பிரிட்டனில் மாற்றுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். மார்ச்சில் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரத்தில் சென்னை, லண்டன், நியூயார்க் மூன்றும் சேரும் காலில் யாராவது ஒருவர் தவறான நேரத்தில் வருவது வாடிக்கை. முந்தின நாளே ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். தேதியை 04/05 என்று எழுதாதீர்கள். அமெரிக்கருக்கு அது ஏப்ரல் 5, நமக்கு மே 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் தகராறு இல்லை.

பேசுவது புரியவில்லை என்றால் தலையாட்ட வேண்டாம். ‘நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்’ என்று திருப்பிச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்ற கூச்சத்தில் மௌனமாக இருப்பவர்கள் ஏராளம். காலில் இருக்கும்போதே சாட்டில் டைப் செய்வது அவர்களுக்குக் கைகொடுக்கும், யாரும் குறையாக நினைப்பதில்லை. நாம் ‘ஓகே ஓகே’ என்பது ‘காதில் விழுந்தது’ என்ற பொருளில். எதிர்ப்பக்கம் அதை ‘செய்து தருகிறோம்’ என்று குறித்துக்கொள்ளும். கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள் என்று மூன்று நான்கு வரி மெயில் அனுப்பும் வேலையை நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெஷரின் பெயர் கிளையண்ட்டுக்குத் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று. தமிழ் தெரியாதவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால்கூட இடையில் தமிழுக்குத் தாவாதீர்கள். ஹைதராபாத் அலுவலகத்தில் உங்களுக்கு யாராவது இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

லீடு சொல்வது தப்பென்று தோன்றினால்

நாம் வளர்ந்த விதத்தில் பெரியவர் பேச்சை மறுத்துப் பேசுவது சுலபமில்லை. ஆனால் இங்கே பேசாமல் இருப்பதற்கு விலை உண்டு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ஆம் தேதி செவ்வாயை நெருங்கியபோது காணாமல் போனது. லாக்ஹீட் மார்ட்டினின் மென்பொருள் உந்துவிசையை பவுண்டு-விநாடியில் கொடுத்தது, நாசா தரப்பு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது, இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். இந்த அளவுக் குழப்பம் எல்லோருக்கும் தெரிந்த கதை. விசாரணைக் குழு சொன்ன இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: கணக்கு ஒத்துப்போகவில்லை என்பது முன்பே கண்ணில் பட்டிருந்தது, ஆனால் அதை முறையான பிரச்சினைப் பதிவில் ஏற்றாமல் மின்னஞ்சலிலேயே பேசித் தீர்க்கப் பார்த்தார்கள், விஷயம் இடுக்கில் விழுந்துவிட்டது.

ஆகவே சொல்வதோடு, சரியான இடத்தில் சொல்வதும் வேண்டும். முதலில் லீடிடம் தனியாக, கையில் ஆதாரத்தோடு: ‘இந்த வழியில் போனால் 10,000 ரெக்கார்டுக்கு 40 விநாடி ஆகிறது, நான் ஓட்டிப் பார்த்தேன், வேறு வழி யோசிக்கலாமா?’ அவர் கேட்டுவிட்டும் அதே முடிவில் நின்றால், ஆபத்து என்ன என்பதை டிக்கெட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, எடுத்த முடிவை முழு மனதோடு செய்யுங்கள். அவருக்கு நீங்கள் அறியாத காரணம் இருக்கலாம். கிளையண்ட் முன்னால் மறுத்துப் பேசுவதும், கூட்டத்தில் தலையாட்டிவிட்டு டீக்கடையில் முணுமுணுப்பதும் ஒரே அளவுக்குப் பயனற்றவை. பயனர் தகவல் கசிவது, பணம் தப்பாகக் கழிவது போன்றவை மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒருவர் கேட்கவில்லை என்றால் அவருக்கு மேலே கொண்டுபோக வேண்டும், கொண்டுபோவதாக அவரிடம் சொல்லிவிட்டு.

ப்ரொடக்‌ஷனை உடைத்துவிட்டால்

இன்றில்லாவிட்டால் என்றாவது நடக்கும். அப்போது செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. கையை எடுங்கள். பதற்றத்தில் அடிக்கும் அடுத்த கமாண்டுதான் சேதத்தை இரட்டிப்பாக்கும்.
2. ஐந்து நிமிடத்துக்குள் டீம் சேனலிலும் லீடின் போனிலும் சொல்லுங்கள்: ‘11:42-க்கு ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் இந்தக் கமாண்டை ஓட்டிவிட்டேன். ஆர்டர் பக்கம் எரர் காட்டுகிறது. வேறெதையும் தொடவில்லை.’
3. லாக், டெர்மினல் ஹிஸ்டரி எதையும் அழிக்காதீர்கள். மீட்பவர்களுக்கு அதுதான் வரைபடம்.
4. சரிசெய்யும்போது ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு ஓரிடத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் ஒரு இன்ஜினியர், ரெப்ளிகா (நகல்) சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்தார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடினால் அவை வேலை செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், என்ன நடந்தது என்று விரிவாக வெளியிட்டார்கள், அந்த ஆளைப் பலியாக்கவில்லை. ஒருவரைத் திட்டி அனுப்பியிருந்தால் கெட்டுப்போன பேக்கப் கெட்டுப்போனபடியே இருந்திருக்கும். எல்லா அலுவலகமும் இப்படி நடந்துகொள்ளும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனாலும் மறைத்துப் பிடிபடுவதைவிட நீங்களே முதலில் சொல்வது எந்த அலுவலகத்திலும் பாதுகாப்பு.

லீவில் போகும் முன்

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்கள். கிளையண்ட்டுக்கு அந்த வாரம் சாதாரண வாரம். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் ஒரு குறிப்பு எழுதி, உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கிளம்பும் நாள் மாலை கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ ஓடும் அவசரத்தில் எழுதினால் பாதி விட்டுப்போகும். குறிப்பில் இருக்க வேண்டியவை: கையில் உள்ள டிக்கெட்டுகள், ஒவ்வொன்றும் எந்தப் பிராஞ்சில், எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள், இந்த நான்கு நாளில் என்ன கேள்வி வரலாம், அதற்கு என்ன பதில், எது நீங்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கலாம், எதற்கு மட்டும் உங்களுக்கு போன் செய்யலாம். லேப்டாப்பில் மட்டும் இருக்கும் கோடை, அரைகுறையாக இருந்தாலும், புஷ் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.